ரெபேக்காளுக்காக ஒரு ஜெபச் சீட்டு

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். இவரைத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டு மூன்று மணி பஸ்ஸில் சித்தூர் திரும்பினோம். ஸ்ட்ரோக் வந்து பத்து வாரம். கை கால் தேறிவிட்டது, பேச்சுதான் இல்லை. பேச்சுப் பயிற்சி தருகிற பெண் தெலுங்கும் தமிழுமாக: "மாட்லாடுதூ உண்டண்டம்மா. பேசிக்கினே இருங்க. ஏதனா படிச்சிக் காட்டுங்க."

என்னத்தைப் பேச? முப்பது வருஷமாகப் பேசியது இவர், கேட்டது நான்.

வாங்க: மாத்திரை, ரவை, கொசுவத்தி.

ஜூலை 9, புதன்

மகள் விட்டுப்போன நாவலை எடுத்து இவருக்குச் சத்தமாகப் படித்தேன். தமிழில் மொழிபெயர்த்தது. யுத்த காலத்து யூதச் சிறுமி ரெபேக்காள், ஒன்பது வயசு. அப்பா ஈசாக்கு தையல்காரர். யூதர் எல்லோரும் உடுப்பில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள உத்தரவு. மகள் கோட்டில் அப்பாவே தைக்கிறார், ஓரம் பிரியாமல், பொடித் தையலாக. அந்த வரியை இரண்டு தரம் படித்தேன். இவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழுகிறதா, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

வேதாகமத்திலிருந்து அவர்கள் பெயர்களை எடுத்து நாம் வைத்துக்கொண்டோம். அவர்கள் பட்ட பாட்டை இந்த வயசில்தான் படிக்கிறேன். வெட்கம்.

ஜூலை 11, வெள்ளி

கோயிலில் உபவாச ஜெபம். சீட்டில் இவர் பேச்சுக்காக எழுதினேன். கை அதோடு நிற்கவில்லை. கீழே: "சிறுமி ரெபேக்காளுக்காக. தகப்பன் ஈசாக்கைப் பிடித்துக்கொண்டு போகாதிருக்க."

போதகர் அம்மா அதையும் சத்தமாக வாசித்துவிட்டார்கள். சபை முழுக்க முழங்காலில். நம்ம பெயர்கள்தானே, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வெளியே வந்ததும் எஸ்தர் அக்கா பிடித்துக்கொண்டாள். "எந்த ஈசாக்கு? நாயுடுபேட்டை ஈசாக்கா? போலீஸா புடிச்சிக்கினு போவுது? எந் தம்பி ஸ்டேஷன்ல ரைட்டருதான், பேசச் சொல்றேன்."

"அக்கா, அது கதை" என்றேன்.

முறைத்தாள். அப்புறம், "கதன்னா இன்னா? கொயந்த கொயந்ததான. முடிச்சிட்டு புக்க எனக்குக் குடு."

வீடு வரும் வரைக்கும் சிரிப்பு. பத்து வாரத்தில் முதல் சிரிப்பு. ஸ்தோத்திரம்.

ஜூலை 12, சனி

மழை. துணி காயவில்லை. மத்தியானம் தனியாக உட்கார்ந்து அடுத்த பக்கங்களைப் பார்த்தேன். லாரி வருகிறது. ஈசாக்கை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஊசி இன்னும் துணியில் குத்தியபடி. இவருக்கு இதெல்லாம் வேண்டாம், நோயாளி.

சாயங்காலம் படிக்கும்போது அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போனேன். ரெபேக்காள் ஒரு பண்ணை வீட்டில், பத்திரமாக, பால் குடித்துக்கொண்டு. குரல் மாறாமல்தான் படித்தேன்.

இவர் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. வாய் கோணிற்று. எச்சிலைத் துடைக்கப் போனேன், துண்டைத் தள்ளிவிட்டார்.

"ஈ... ஈசாக்கு எங்க?"

கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஆரம்பத்திலிருந்து, ஒவ்வொரு வரியும். ஆண்டவரே, நன்றி, நன்றி. அழுகையில் எழுத்தே தெரியவில்லை. கண்ணாடியைப் புடவையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, விட்ட பக்கத்துக்குத் திரும்பி, லாரி வந்ததிலிருந்து படித்தேன்.