பிளக்கைப் பிடுங்கிய வெள்ளிக்கிழமை

ஐப்பசி, வெள்ளி. படப்பை.

மொத்தப் பழியையும் என் தலையில் கட்டாதே, செல்வி. பிளக்கைப் பிடுங்கியது நான்தான். ஆனால் பொய் சொன்னது உன் கம்ப்யூட்டர்.

மருமகள் செல்வி அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். இந்த டைரி நோட்டிடம்தான் சண்டை போட வேண்டியிருக்கிறது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும் டேட்டாபேஸ் ஒன்றில், தகவலை டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கிற பகுதியை அவள் புதிதாக எழுதுகிறாள். எட்டு மாத வேலை. நாளைக் காலைக்குள் அனுப்பாவிட்டால் இந்த வருஷ வெளியீட்டில் சேர்க்கமாட்டார்கள்.

சாயங்காலம் டீ குடிக்க மூன்று முறை கூப்பிட்டேன். திரும்பவில்லை. கம்ப்யூட்டர் பிளக்கை உருவினேன்.

"மாமா! இன்னா பண்ணீங்க?"

"டீ ஆறுது, கண்ணு."

மறுபடி ஆன் செய்தாள். சேமித்தாயிற்று என்று திரை காட்டியிருந்த கடைசி வரிகளைக் காணோம். அவள் முகம் வெளுத்துவிட்டது. இத்தனை நாளும் புரோகிராமை மட்டும் நிறுத்திச் சோதித்தாளாம். கரண்டை நிறுத்திப் பார்க்கவில்லையாம். டிஸ்க்கில் போய்ச் சேரும் முன்பே சேமித்தாயிற்று என்று சொல்லியிருக்கிறது. நான் வேலை பார்த்த ஒரகடம் கம்பெனி ஸ்டோர்ஸில் லாரியிலிருந்து சரக்கு இறங்கும் முன்பே வந்துவிட்டதென்று நாங்கள் கையெழுத்துப் போடுவோமே, அதே கதை.

"நம்ம ஊர்ல இருந்துகினு கரண்ட் போவும்னு தோணலியாம்மா?" என்று சீண்டினேன். கதவைப் படாரென்று சாத்திக்கொண்டாள்.

இதோ, வந்து நிற்கிறாள். கண் சிவந்திருக்கிறது.

"மாத்தி எழுதிட்டேன், மாமா. ஓடிக்கினு இருக்கு. வந்து இன்னொரு தபா புடுங்குங்க."

"கோவம் போச்சா? நான் சும்மா வெளையாட்டுக்குத்தான்..."

முடிப்பதற்குள் போய்விட்டாள். இந்த முறை பிடுங்க எனக்குக் கை வரவில்லை. கூப்பிடுகிறாள்.