சூடு காட்டாத சில்லு

அன்புக் கவிதாவே, என் கண்ணே என்று எழுத உட்கார்ந்தேன். 'கண்ணே'க்குக் கை வரவில்லை. அன்புக் கவிதா என்றே இருக்கட்டும்.

நீ போய் ஒரு வருஷம். ஆய்வகத்தில் உன் நாற்காலியில் இப்போது நான்தான். முன்பே அதில் எனக்கு ஒரு கண் என்று உனக்குத் தெரியாதா? தோழியின் அண்ணனைக் கட்டிக்கொண்டதில் இதுதான் தொல்லை. அங்கே நம் ஆய்வை நடத்தும் சார் உன்னைப் புகழ்வார், வீட்டுக்கு வந்தால் அத்தை புகழ்வார்.

அந்தப் பௌர்ணமி ஞாபகம் இருக்கிறதா? பஸ் இல்லை. அடி அண்ணாமலையிலிருந்து கிரிவலக் கூட்டத்தோடு நடந்தே ஆய்வகம் வந்தோம். சுரங்கத்திலிருந்து வந்த துத்தநாகக் கல்லின் சில்லை நுண்ணோக்கியில் காட்டினாய். கல் உருவானபோது உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர்த் துளிகள், ஒவ்வொன்றிலும் ஒரு குமிழி. சூடு காட்டினால் குமிழி மறையும். அது மறைகிற சூட்டை வைத்து அன்றைய தண்ணீரின் சூட்டைக் கணிக்கலாம்.

"அண்ணி, ரெண்டு தண்ணி அண்ணி! ஜாஸ்தி சூடான உப்புத் தண்ணி ஈயத்தையும் துத்தநாகத்தையும் கரைச்சிக்கினு கீழேர்ந்து வந்திருக்குது. சூடு கம்மியா இன்னொண்ணு கந்தகத்தோட வந்திருக்குது. ரெண்டும் கலந்த எடத்துலதான் தாது படிஞ்சிருக்குது!"

ஒரே தண்ணீர் ஆறிப் படிந்தது என்று என் ஆய்வில் நாலு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தவள் நான். வயிறு எரிந்தது. நீ சாப்பிடப் போனதும் அதே சில்லுக்கு மறுபடி சூடு காட்டினேன், அளவுக்கு மேலே. அப்படிச் செய்தால் துளி இருக்கிற குழி விரிந்துவிடும், பிறகு சூடு கம்மியான துளிகூட ஜாஸ்தி சூடாகத்தான் காட்டும். முதல் வருஷப் பசங்களுக்கே தெரிந்த விஷயம்.

மறுநாள் சாரிடம், "கவிதா அளவு தப்பு சார், எனக்கு ஒரே சூடுதான் வருது"ன்னேன். நீ என்னை ஒருமுறை பார்த்தாய், அவ்வளவுதான். மூன்றே மாதத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

போன வாரம் உன் மேஜை டிராயரில் ஒரு தீப்பெட்டி கிடைத்தது. பஞ்சுக்குள் அதே கல்லின் இன்னொரு சில்லு. உன் கையெழுத்து: "அண்ணிக்கு. இதுக்கு இன்னும் சூடு காட்டலை."

பாதி உடைத்து, மெதுவாகச் சூடு காட்டினேன். நீ சொன்னபடியே சில குமிழிகள் கம்மிச் சூட்டிலும் சில ஜாஸ்திச் சூட்டிலும் மறைந்தன. இரண்டு தண்ணீர்தான்.

தெரிந்தேதான் மூன்று மாதம் நான் சுட்ட தோசையைச் சாப்பிட்டாயா? ஏன் திட்டவில்லை? உன் இடத்தில் நான் இருந்திருந்தால் உனக்காக ஒரு தீப்பெட்டி வைத்திருக்க மாட்டேன். இப்போது அதற்கும் பொறாமையாக இருக்கிறது.

சாரிடம் சொல்லிவிட்டேன். "ஏம்மா இப்ப வந்து சொல்றே?"ன்னார். உன் அண்ணன் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

கட்டுரை உன் பெயரில் போகும். நான் கெடுத்ததையும் அதில் எழுதுவேன். மீதிப் பாதியை அதே தீப்பெட்டியில் வைத்து சாரிடம் கொடுத்துவிட்டேன். அதை நான் தொட மாட்டேன் கவிதா, என்னை நம்பாதவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

இன்னும் வயிறு எரிகிற,
உன் அண்ணி