எல்லை தாண்டிய துப்பாக்கி

பதிவு 41 | 2083 ஏப்ரல் 9, காலை 07:10
வெப்பநிலை மைனஸ் 27. பனிப்பாளம் நேற்று மேற்கே பதினொரு கி.மீ. நகர்ந்திருக்கிறது. எழுதுபவள் எஸ்தர் பாக்கியம். வடதுருவ மிதவை ஆய்வகத்தில் தனியாள். பனிக்கரடிக்காக ஒரு ரைபிள் உண்டு. என் பெயரில், துருவக் கடலின் கிழக்கு மாகாண உரிமம். கருவிகள் நலம்.

பதிவு 44 | ஏப்ரல் 12, 10:30
கரைமுகாமிலிருந்து முகைதீன் வானொலியில் கூப்பிட்டான். அவன் காயல்பட்டினம், நான் தூத்துக்குடி.

"எக்கா, பதினஞ்சாம் தேதியோட மேற்கு மாகாணத்துல சட்டம் மாறுது. நீங்க மெதந்து போறது அவிய எல்லைக்குத்தான். துப்பாக்கில மின்பூட்டு இல்லன்னா கேஸாயிரும். இப்பவே மாட்டிருங்க."

வெளியே கிடங்கில் இருந்த பூட்டை எடுத்து வந்து ரைபிளின் விசையில் மாட்டினேன். இனி ஒவ்வொரு முறை சுடவும் செயற்கைக்கோள் வழியாக அனுமதி வர வேண்டும். உரிம நகல், ரைபிள் எண், படங்கள் எல்லாவற்றையும் இரண்டு மாகாணங்களுக்கும் அனுப்பினேன். சோதித்தேன். நான்கே விநாடியில் பச்சை விளக்கு. ஆனாலும் மனம் நிலைகொள்ளவில்லை. பூட்டை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன்.

பதிவு 48 | ஏப்ரல் 16, 14:05
13:40க்கு எல்லை தாண்டினேன். விளக்கு சிவப்பு. கிழக்கின் பதிவு இங்கே செல்லாதாம். மேற்கு மாகாணப் பதிவகத்தின் பதில்: "உங்கள் விண்ணப்பம் வரிசையில் உள்ளது. மூன்று வேலை நாட்கள் ஆகும்." மீட்பு ஹெலிகாப்டர் கேட்டேன். அதற்கும் மூன்று நாளாம்.

கிடங்கைச் சுற்றிக் கரடித் தடங்கள். புதியவை.

பதிவு 49 | ஏப்ரல் 17, 11:20
வந்துவிட்டது. ஒற்றைக் கரடி, விலா எலும்பு தெரிகிறது. கிடங்கைக் கிழித்துப் போட்டது. விரட்ட வைத்திருந்த ஒளிக்குண்டுகள் தீர்ந்தன. ஓடுகிறது, திரும்பி வருகிறது.

"எக்கா, பதிவகத்துல கத்திட்டேன். இன்னைக்கு லீவாம். கதவத் தெறந்துராதீய."

12:02
ஜன்னலில் முகம். அதன் மூச்சு கண்ணாடியில் பனியாகப் படிகிறது. பதினேழு முறை அனுமதி கேட்டேன். சிவப்பு.

12:31
ஜன்னல் விரிசல் விட்டது. இரும்பு ரம்பத்தால் பூட்டை நானே அறுத்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. ஒரு முறை சுட்டேன். தோளில் பட்டது. அலறிக்கொண்டு கிடங்குக்குப் பின்னால் போனது. அறுத்ததில் ரைபிளின் பொறி சிக்கிக்கொண்டது. அடுத்த தோட்டா ஏறவில்லை.

12:44
பதிவகத்திலிருந்து: "பூட்டு உடைக்கப்பட்டுள்ளது. கைது செய்ய ஹெலிகாப்டர் புறப்பட்டுவிட்டது. ஆயுதத்தை உள்ளே வைத்துவிட்டு ஐம்பது மீட்டர் தள்ளிக் கைகளை உயர்த்தி நிற்கவும். உள்ளே இருந்தால் எதிர்ப்பவராகக் கருதிச் சுடப்படுவீர்கள்."

நேற்று மூன்று நாள் ஆகும் என்றவர்கள், இன்று லீவு என்றவர்கள்.

"எக்கா, போகாதீய! அடிபட்டது அங்கனதான் கெடக்கும். நான் பேசிட்டே இருக்கேன், யாரும் காது குடுக்க மாட்டேங்காவ. கொஞ்சம் பொறுங்க..."

பொறுத்தேன்.

13:20
ஹெலிகாப்டர் இரைச்சல் கேட்கிறது. ரைபிளைக் கட்டிலில் வைத்துவிட்டேன். ரத்தத்தடம் கிடங்கு வரை போகிறது. அதற்கப்பால் தெரியவில்லை.

13:26, குரல்பதிவு
பத்து எட்டு நடந்துவிட்டேன். கை மேலேதான் இருக்கிறது. ஹெலிகாப்டர் தெரிகிறது. இருபது. "அசையாமல் நடங்கள்" என்கிறார்கள் ஒலிபெருக்கியில், எப்படி நடப்பது? முப்பது. பின்னால் பனி நொறுங்குகிறது. திரும்பினால் சுடுவார்களோ... முப்பத்தொன்று. முப்பத்தி