கரகரப்பு நின்ற பிறகு

ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று உன் குட்டியைத் தூங்க வைக்கப் பாடினேன். பாட்டு முடிந்தும் என் தொண்டை ஒரு தடவைகூடக் கரகரக்கவில்லை. மறுபடி பாடினேன். அப்போதும் இல்லை.

உனக்குத்தான் தெரியுமே, வலிப்புக்காக மார்பில் தோலுக்கடியில் வைத்திருக்கும் அந்தத் தீப்பெட்டி மாதிரி கருவி சில நிமிடங்களுக்கு ஒருமுறை கழுத்து நரம்பைத் தட்டும். தட்டும்போதெல்லாம் குரல் தவளை மாதிரி ஆகிவிடும். பள்ளியில் நான் வாசிக்க எழுந்தால் வகுப்பே அதற்காகக் காத்திருந்து சிரிக்கும். அதனால்தானே எட்டாவதோடு நின்றேன். ஆனால் வலிப்பும் அந்தப் பெட்டியால்தான் வருடா வருடம் குறைந்து, கடைசியில் வராமலே போனது. டாக்டரிடம் போவதையும் விட்டுவிட்டோம்.

அம்மா தையல் ஆலையிலிருந்து வந்ததும் பாடிக் காட்டினேன். அழுதுவிட்டாள். “முழுசா குணமாயிடுச்சுடி! இனிமே ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்க வேணாம்” என்றாள்.

குட்டிக்குக் கீழே ஒரு பல் எட்டிப் பார்க்கிறது. அது கடிக்குமா என்று என் தோளில்தான் சோதித்துப் பார்க்கிறாள். போன் பகலெல்லாம் அம்மாவோடு ஆலைக்குப் போய்விடுகிறது. எனக்கும் பேசுவதைவிட எழுதத்தான் வரும்.

உன் தங்கை

ஜூன் 19

என் தவளை ராணிக்கு,

இனி உன்னை அப்படிக் கூப்பிட முடியாதோ? ஓட்டல் சலவை அறையில் விரிப்பு மடித்தபடியே உன் கடிதத்தைப் படித்தேன். மேற்பார்வையாளர் முறைத்தாள். முறைக்கட்டும்.

இன்னொரு வருடம் இருக்கச் சொல்லிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு எப்படி என்று தவித்துக்கொண்டிருந்தேன். உன் கடிதத்தைப் பார்த்ததும் மனசு லேசாகிவிட்டது. குட்டி உன் இடுப்பில் இருக்கிறாள் என்பதால்தான் எனக்கு இங்கே சாப்பாடு இறங்குகிறது. ஜூலை முடிவதற்குள் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

குரல்தான் வந்துவிட்டதே, எதிர்வீட்டு டியூஷன் டீச்சரிடம் ஒரு வார்த்தையாவது பேசேன். அவரைப் பார்த்தாலே கதவுக்குப் பின்னால் ஒளிகிறாயாம், அம்மா சொன்னாள். அவர் என்ன, உன்னிடம் வாய்ப்பாடா கேட்கப் போகிறார்?

அன்புடன்,
அக்கா

ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

தாராளமாகக் கையெழுத்துப் போடு. நான் இருக்கிறேன்.

டீச்சரிடம் இன்னும் பேசவில்லை. சிரிக்கலாம் என்று நினைத்தேன், அதற்குள் அவர் உள்ளே போய்விட்டார்.

நேற்று பால் பொங்கி அடுப்பே அணைந்துவிட்டது. பக்கத்தில்தான் நின்றிருந்தேன், எப்போது பொங்கியது என்றே தெரியவில்லை. அம்மாவிடம் சொன்னால், “எந்த மகாராஜாவ நெனச்சுக்கிட்டு நின்னே?” என்று கேலி செய்கிறாள். இன்று நாக்கின் ஓரம் எரிகிறது. தூக்கத்தில் கடித்துக்கொண்டேன் போலிருக்கிறது.

குட்டி தொட்டியில் உட்கார்ந்து தண்ணீரைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறாள். குட்டி தொட்டியில் உட்கார்ந்து தண்ணீரைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறாள்.

வேறு விசேஷம் இல்லை.

உன் தங்கை

ஜூலை 12

தங்கச்சி,

இந்தத் தடவை கேலி இல்லை. கவனமாகப் படி.

குட்டி குளிக்கிற வரியை இரண்டு தடவை எழுதியிருக்கிறாய். இரண்டுக்கும் நடுவில் பேனா இழுத்துக்கொண்டு காகிதத்தின் ஓரம்வரை போயிருக்கிறது. உனக்கு அது தெரியவே இல்லை, அப்படித்தானே? நீ சின்னப் பிள்ளையாக வீட்டுப்பாடம் எழுதும்போது இதே கோட்டைப் பார்த்திருக்கிறேன். அப்போதும் எழுதிக்கொண்டேயிருந்து அப்படியே உறைந்துவிடுவாய்.

அந்தத் தீப்பெட்டிக்குள் பேட்டரி இருக்கிறது, என்றாவது ஒருநாள் தீரும் என்று டாக்டர் சொன்னாரே. நாம் எல்லாருமே மறந்துவிட்டோம். பெட்டியை முடுக்க டாக்டர் கொடுத்தாரே, அந்தக் காந்தத்தை எடுத்து அதன்மேல் தேய்த்துப் பார். பெட்டி வேலை செய்தால் உடனே குரல் கரகரக்கும். கரகரக்காவிட்டால் நீ குணமாகவில்லை, பெட்டிதான் நின்றுபோயிருக்கிறது.

அம்மாவிடம் போனில் சொன்னேன். “வாய வச்சுக்கிட்டு சும்மா இரு. பாடிக்கிட்டு இருக்கிற புள்ளைய பயமுறுத்தாதே” என்று வைத்துவிட்டாள். உன் பதில் வரும்வரை கையெழுத்துப் போட மாட்டேன். எனக்காக எதையும் மறைக்காதே.

நீ பார்த்துச் சொல்லும்வரை குட்டியைத் தொட்டியில் இறக்காதே.

அக்கா

ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

குட்டிக்கு ஒன்றும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போடாதே. வந்துவிடு.

நேற்று தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தபோது தபால்காரர் உன் கடிதத்தைக் கொடுத்தார். குழாயை மூடிவிட்டு, குட்டியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். காந்தம் அலமாரியில் சீப்புகளுக்கு அடியில் கிடந்தது. மார்பின்மேல் தேய்த்தேன். பிறகு பாடினேன்.

என் குரல் எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா, அக்கா? ஒரு கீறல்கூட இல்லை. குட்டி கைதட்டினாள். எனக்குத்தான் அதற்குமேல் பாட முடியவில்லை.

மறுபடி அறுப்பார்கள், புதுப் பெட்டி வைப்பார்கள், மறுபடி தவளை ஆகிவிடுவேன். அதை நினைத்துக் கொஞ்சம் அழுதேன். குட்டி என் கண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

அப்போது இடது கையில் விரல்கள் மரத்தன. ரப்பர் கருகுகிற வாசனை வந்தது. வீட்டில் எதுவும் எரியவில்லை. சின்ன வயதில் வலிப்புக்கு முன்னால் வரும் அதே வாசனை. இத்தனை வருடம் கழித்தும் வழி தெரிந்து வந்துவிட்டது. அம்மா வர இன்னும் வெகுநேரம் இருந்தது. குட்டி என் சட்டைப் பொத்தானை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள்.

பொத்தானை அவள் வாயிலிருந்து எடுத்தேன். அவளைப் பாயின் நடுவில் கிடத்தினேன். கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, வாசலில் போய் உட்கார்ந்துகொண்டு, இருந்த குரல் முழுவதையும் திரட்டி, “டீச்சர்!” என்று கூப்பிட்டேன்.

உன்
தவளை