பின்வரிசைப் பெட்டிகள்

மார்ச் 4, செவ்வாய்
காலையில் பேக்கிங் கூடத்துக்கு ஆரஞ்சு லோடு வந்தது. பழத்தில் பூசணம் பிடிக்காமலிருக்கத் தொட்டியில் மருந்து கலப்பது என் வேலை. பழத்தை முக்கி எடுக்க எடுக்க மருந்து குறையும். ஷிப்ட் முடியும்போது ஒரு குவளை சேர்த்து, சேர்த்ததற்கு அடையாளமாகத் தொட்டி விளிம்பில் சாக்பீஸால் கோடு போட வேண்டும். போட்டேன். அடுத்த ஷிப்ட் மச்சான், மனைவியின் தம்பி. சொல்லிச் சேர்த்துவிட்டதே நான்தான்.

மார்ச் 5
தெறித்த தண்ணீரில் கோடு அழிந்திருக்கிறது. மச்சான் சாவகாசமாகச் சொல்கிறான்: "நீங்க ஊத்தலையோன்னு நானும் ஒரு குவளை ஊத்திட்டேன் மாமா."

அவன் ஷிப்ட் பழமெல்லாம் பெட்டிக்குள் போய்விட்டது. அனுமதித்த அளவைத் தாண்டியிருக்குமோ? தாண்டாமல் எப்படி இருக்கும்!

மேனேஜரிடம் சொன்னேன். "ஊரைக் கூட்டாதீங்க. நாளைக்கு டெஸ்டுக்கு வர்றாங்க. பாஸானா பாஸ்."

மார்ச் 6
டெஸ்ட் எடுக்கும் அதிகாரி அம்மா வந்து முன்வரிசைப் பெட்டிகளிலிருந்து பழம் எடுத்துப் போனார். மச்சான் ஷிப்ட் பெட்டிகள் மட்டும் பின்னால் போயிருந்தன. தானாகவா போகும்? பார்த்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்தால் அவன் வேலை போகும், என் வேலையும் போகும்.

மார்ச் 7
தூக்கமே இல்லை.

மார்ச் 8
பாஸ். மேனேஜர் குஷியில் ஆளுக்கொரு பை ஆரஞ்சு கொடுத்தார். பின்வரிசைப் பெட்டியை உடைத்துத்தான் கொடுத்தார். வழியில் கொட்டியிருக்கலாம் — புத்திகெட்டவன், வீட்டுக்குத் தூக்கி வந்தேன். மகள் ஒன்றை எடுத்துத் தோலோடு கடிக்கப் போனாள். பிடுங்கிவிட்டேன். வீல் என்று அழுதாள்.

"ஒரு பழத்துக்குப் போய் ஏங்க புள்ளைய அழ வைக்கிறீங்க?" என்றாள் மனைவி.

என்னத்தைச் சொல்ல? உன் தம்பி செய்த வேலை என்றா? என் பிள்ளைக்கு ஆகாதது ஊரான் பிள்ளைக்கு மட்டும் ஆகுமா? திங்கட்கிழமை லாரி ஏத்திடுவாங்க... நானெல்லாம் ஒரு மனுசனா?

மார்ச் 10
லாரி வருவதற்கு முன்பே அதிகாரி அம்மாவுக்குப் போன் செய்தேன். நேரில் வந்தார். "எந்தப் பெட்டிங்க?" என்றார். மேனேஜர் பார்த்துக்கொண்டே இருந்தார். காட்டிவிட்டேன்.

மார்ச் 13
அளவு கூடுதல்தான். லோடு முழுவதையும் நிறுத்திவிட்டார்கள். எனக்கும் மச்சானுக்கும் வேலை இல்லை.

சாயங்காலம் மச்சான் வந்தான். வாசலோடு நின்றுகொண்டான், உள்ளே வரவில்லை. நான் டீ போட்டேன். மனைவி எடுத்துப் போய்க் கொடுத்தாள். அவளுக்கு இப்போது எல்லாம் தெரியும்.

திரும்பி வந்தவளிடம் கேட்டேன், "குடிச்சானா?"

"யார் போட்டதுன்னு கேட்டான். சொன்னேன். குடிச்சான்."