பம்ப்பில் இல்லாத மஞ்சள் கோடு

அண்ணா,

முதலாளியின் ஸ்போர்ட்ஸ் காரில் நான் மாட்டிய புது வாட்டர் பம்ப்பைக் கழற்றியவன் நீதான்.

அந்தக் காரை மாதம் தவறாமல் சோதிக்கிறோம். அப்பாவைக்கூட அப்படி டாக்டரிடம் காட்டியதில்லை. நேற்று பாதி வழியில் பம்ப் உடைந்து, தண்ணீர் ஓடாமல் இன்ஜின் வெந்துபோனது. "உன்னை நம்பினதுக்கு நல்லா செஞ்சடா, இனி வேலைக்கு வராதே" என்றார் முதலாளி.

நான் மாட்டும் பாகத்தில் எல்லாம் மஞ்சள் பெயிண்டால் கோடு போடுவேன். உடைந்த பம்ப்பில் கோடே இல்லை.

போன வாரம் "ஸ்பேனரை உள்ள விட்டுட்டேன்டா" என்று ஒர்க்‌ஷாப் சாவியை வாங்கிப்போனாய். உன் பழைய காருக்கும் அதே மாடல் பம்ப்தான். "உங்க அண்ணன் கை வச்சாரு தம்பி, இப்பல்லாம் வண்டி சூடாகுறதே இல்ல" என்று அண்ணி பெருமைப்படுகிறார்.

மூன்று முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை.

நாளைக் காலை முதலாளி முன்னால் உன் கார் பானட்டைத் திற.

உன் தம்பி