லாஸ்யாவின் இங்கிலீஷ்

கரட்டுப்பாளையம்
உடுமலைப்பேட்டை வழி
5.3.1995

ரங்கநாயகிக்கு, உன்னைப் பெத்த வெங்கடம்மாள் எழுதறது.

நலம் விசாரிக்கற காயிதம் இது இல்லை. இத்தனை வருசம் எழுதாதவ இப்ப எதுக்கு எழுதறாள்னு நினைப்பாய். காரியம் இருக்குது, எழுதறேன். நம்மூட்டுல பேசறது தெலுங்கு, எனக்கு எழுத வர்றது மூணாங்கிளாசுத் தமிழ். தப்பு இருந்தா திருத்திப் படிச்சுக்கோ. திருத்தறதுதானே உன்ர உத்தியோகம்.

உங்கண்ணன் திருமலைசாமி பொண்டாட்டி மஞ்சக்காமாலையில போனது உனக்குத் தெரிஞ்சிருக்கும். அவ விட்டுப்போட்டுப் போன புள்ளை லாஸ்யாவுக்கு இப்பப் பத்து வயசு. உங்கண்ணன் ஆவணியில இன்னொரு கல்யாணம் பண்ணப்போறான். பொண்ணைப் பெத்தவங்க வந்தாங்க, காப்பி குடிச்சாங்க, "புள்ளை வேற பக்கம் இருந்தா எல்லாருக்கும் நல்லதுங்க"ன்னு சொல்லிப்போட்டு டம்ளரைக் கவுத்து வெச்சாங்க. இத்தனை மரியாதையா ஒரு புள்ளையை ஊட்டை விட்டு முடுக்கி நான் பார்த்ததில்லை. பெத்த அப்பன் நகத்தைக் கிள்ளிக்கிட்டு உட்கார்ந்திருந்தான். அதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன், அவனுக்கே சொல்லிப்போட்டேன்.

நான் வெச்சுக்குவேன். ஆனா எனக்கு மூட்டு புடிச்சுக்கிட்டு எந்திரிக்கவே ஆள் வேணும். பல்லடத்துல அவளோட தாய்மாமன் ராமுலு கோழிப்பண்ணை போட்டிருக்கறான். அனுப்பி வெய்ங்க, முட்டை பொறுக்கிக்கிட்டுக் கிடக்கட்டும்னு சொல்றான். அங்கே போனா படிப்பு அதோட சரி.

நீ வேலை பார்க்கற டிரஸ்ட் பள்ளிக்கூடத்துல, தமிழ்ல படிச்ச புள்ளைகளுக்கு இங்கிலீஷ் பரீட்சை வெச்சு, தேறினவங்களை ஹாஸ்டல்ல தங்கவெச்சுப் படிக்கவைக்கறாங்களாம். ஊர் ஊராப் போய் அந்தப் பரீட்சை வைக்கறது நீதானாம். சித்திரையில உடுமலைக்கு வர்றீங்க. லாஸ்யா பேர் குடுத்திருக்குது. அவளை எடுத்துப்போடு. இதுக்கு முன்னால நான் உன்கிட்டக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், வந்து சேருன்னு. அதுக்கு நீ நேரத்துக்கு வரலை.

வெங்கடம்மாள்


கோயமுத்தூர்
14.3.1995

அன்புள்ள அம்மாவுக்கு, ரங்கநாயகியோட வணக்கங்க.

உறையில உங்க எழுத்தைப் பார்த்துப் பயந்துட்டேன். நம்ம ஊட்டுல இருந்து எனக்குக் கடைசியா வந்தது அந்தத் தந்திதான். மூட்டு வலிக்கு வெந்நீர் ஒத்தடம் குடுங்க. உடுமலையில ஒரு டாக்டரைப் பாருங்கன்னா பார்க்க மாட்டீங்க, தெரியும்.

பரீட்சை எப்படின்னு சொல்லிடறேங்க. ஒவ்வொரு புள்ளையா உள்ளே கூப்பிடுவோம். முதல்ல டேப்பில ஒரு குரல் பேசும், அதைக் கேட்டுப் பதில் சொல்லணும். அப்புறம் படம் காட்டுவேன், அதுல என்ன நடக்குதுன்னு சொல்லணும். கடைசியா ஊட்டைப் பத்தி, ஊரைப் பத்திப் பேசச் சொல்வேன். அது வரைக்கும் நான் சிரிக்கக் கூடாது, தலையாட்டக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது. சின்னப் புள்ளைகள் நம்ம முகத்தைப் பார்த்தே பதிலைக் கண்டுபுடிச்சுக்கும்ங்க. ஒப்பிக்கறதுக்கு மார்க்கு கிடையாது. மனப்பாடம்னு தோணினா, குறுக்கே ஒண்ணு கேட்டுப் பார்க்கணும். தப்பும் தவறுமா இருந்தாலும் அவங்களாப் பேசறதுக்குத்தான் மார்க்கு.

இன்னொண்ணு. சொந்தக்காரப் புள்ளைக்கு நான் பரீட்சை வைக்கக் கூடாது. லாஸ்யா என் அண்ணன் மகள்னு முன்னாலயே எங்க பெரிய டீச்சர்கிட்டச் சொல்லிட்டா, வேற ஆளை வெச்சுப் பரீட்சை நடத்திக்குவாங்க. அதுதான் முறை. நான் சொல்லிடறேங்க.

தேறினா ஹாஸ்டல். தேறாமப் போனாலும் கவலைப்படாதீங்கம்மா. நான் இங்கே ஒண்டியாத்தான் இருக்கறேன். ரெண்டு அறை ஊடு, பக்கத்துலயே நல்ல தமிழ்ப் பள்ளிக்கூடம். அவ என்கூட இருக்கட்டும். பொறந்தப்ப ஒரு தடவை தூக்கினேன். அப்புறம் அவ முகத்தையே நான் பார்க்கலை.

உங்கள் மகள்,
ரங்கநாயகி


கரட்டுப்பாளையம்
26.3.1995

ரங்கநாயகிக்கு,

உன்ர காயிதம் கிடைச்சுது. ரெண்டு அறை ஊடு இருக்குதுன்னு எழுதியிருக்கறாய். சந்தோசம். அந்த ஊட்டுல எம் பேத்தி கால் வைக்காது.

உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கலை. உங்க நாயனா காலையில சோளத்தட்டு அறுத்துக்கிட்டு இருந்தவர் வரப்புல உட்கார்ந்தார், சாய்ஞ்சார். வெயில் ஏறறதுக்குள்ள உனக்குத் தந்தி போயாச்சு. நீ வால்பாறையில எஸ்டேட் பள்ளிக்கூடத்துல இந்தப் பரீட்சை வெச்சுக்கிட்டு இருந்தாய். பரீட்சை நடக்கற அறைக்குள்ள யாரும் வரக் கூடாதுன்னு, தந்தியை ஆபீஸ் மேசை மேல போட்டு வெச்சிருந்தாங்க. மத்தியானம் வரைக்கும் அது அங்கேயே கிடந்துச்சு. நீ மலை இறங்கி வந்து சேர்றப்ப விளக்கு வெச்சாச்சு. பொம்பளைகள் குளிச்சுத் தலை துவட்டிக்கிட்டு இருந்தாங்க. நீ நீலச் சேலை கட்டிக்கிட்டு, கக்கத்துல அந்த டேப் பெட்டியோட வந்து நின்னாய். அந்தப் பெட்டியைக் கீழே வைக்கக்கூட உனக்குத் தோணலை. "வந்த வழியே போ, போய்ப் பரீட்சை வை"ன்னு சொன்னேன். இன்னைக்கும் அதேதான் சொல்றேன்.

பெரிய டீச்சர்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம். வேற யாரோ வெச்சாப் புள்ளையைத் தள்ளிப்போடுவாங்க. நீயே வை, நீயே மார்க்குப் போடு. அன்னைக்கு அப்பனைப் பார்க்க உன்னை விடாத பரீட்சை, இன்னைக்கு ஒரு தடவையாவது நம்மூட்டுக்கு உபயோகப்படட்டும். நீ யாருன்னு புள்ளைக்குத் தெரியக் கூடாது. அவளுக்கு அத்தை கிடையாதுன்னு சொல்லித்தான் நான் வளர்த்தியிருக்கறேன்.

படிப்புக்கு ஏற்பாடு பண்ணிப்போட்டேன். தெய்வசிகாமணி வாத்தியார் சாயங்காலம் வந்து சொல்லிக்குடுக்கறார். வாத்தியார்னு பேர், என்ர கல்யாணத்துல இலை போதலைன்னு கோவிச்சுக்கிட்டுப் போன ஆளோட பையன். ஆனாலும் வேற ஆள் இல்லை. நம்ம குடும்பத்தைப் பத்தி என்னைக் கேட்டுக் கேட்டு இங்கிலீஷ்ல எழுதிக்குடுத்திருக்கறார். புள்ளை கண்ணை மூடிக்கிட்டு மூச்சு விடாமச் சொல்லுது. எனக்கே பாதி மனப்பாடம் ஆயிப்போச்சு. ஒப்பிச்சா மார்க்கு இல்லைன்னு நீ எழுதினது வாத்தியாருக்குப் புடிக்கலை. எனக்கும் புடிக்கலை.

வெங்கடம்மாள்


கோயமுத்தூர்
2.5.1995

அம்மாவுக்கு,

நேர்ல சொல்ல வேண்டியது. வராண்டா பெஞ்சியில நீங்க உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேங்க. நீங்களும் பார்த்தீங்க. தலைப்பை இழுத்துவிட்டுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டீங்க. அதனால எழுதறேன்.

நீங்க சொன்னபடியே நான் பெரிய டீச்சர்கிட்ட ஒண்ணும் சொல்லாம இருந்துட்டேன். உங்களுக்காக மட்டும் இல்லைங்க. சொல்லியிருந்தா அவளைப் பார்க்கற ஒரு வாய்ப்பும் எனக்குப் போயிருக்கும்.

உள்ளே வந்து கையைக் கட்டிக்கிட்டு நின்னாள். உட்காரச் சொன்ன பின்னாலதான் உட்கார்ந்தாள். நெத்தி அப்படியே நாயனாவோட நெத்தி. டேப் பேசினது அவளுக்குப் பாதிதான் புரிஞ்சுது. படத்துல ஒரு சந்தையைக் காட்டினா, வாத்தியார் சொல்லிக்குடுத்த பசுமாட்டுப் பாடத்தைச் சொன்னாள். நான் முகத்தைக் கல்லு மாதிரி வெச்சுக்கிட்டிருந்தேன். அப்புறம் ஊட்டைப் பத்திச் சொல்லுன்னு கேட்டேன். அப்பா பேர், அவ்வான்னு உங்க பேர், ரெண்டு எருமை, ஒரு கிணறு, எல்லாம் வரிசையா வந்துச்சு. கடைசியில, எனக்கு அத்தை கிடையாதுன்னு சொல்லி முடிச்சாள். ஒரு பிசகு இல்லாத இங்கிலீஷ்.

ஒப்பிக்கறவங்களைக் குறுக்கே கேட்கணும்னு எழுதியிருந்தேனுங்களே. அத்தையே கிடையாதான்னு இங்கிலீஷ்ல கேட்டேன். அந்தக் கேள்விக்கு வாத்தியார் பதில் எழுதிக்குடுக்கலை. அவ கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, சொல்லுக்குச் சொல் தேடித் தேடி, அவளாவே பேசினாள்.

"அத்தை இருக்குது. அவ்வாவுக்குக் கோவம். நான் பெரிசானதும் போய்ப் பார்ப்பேன்."

யார் சொன்னாங்கன்னு கேட்டேன். யாரும் சொல்லலை, பழைய போட்டோவுல ஒரு பக்கம் கத்தரிச்சிருக்குது, அங்கே ஒரு கை மட்டும் தெரியுதுன்னாள். இதையும் இங்கிலீஷ்லதான் சொன்னாள். கத்தரிக்கறதுக்குச் சொல் தெரியாம விரல்ல காட்டினாள்.

அந்தப் பதில்லயே அவ தேறிட்டாள்ங்க. அதுக்கு முன்னால வந்த குறையெல்லாம் அதுல சரியாப் போச்சு. நான் பேசாம மார்க்குப் போட்டிருந்தா ஹாஸ்டல் கிடைச்சிருக்கும். பேனாவை எடுத்தேன், அத்தை இருக்குதுன்னு சொன்னவளுக்கு யாரோ மாதிரி மார்க்குப் போட மனசு வரலை. எந்திரிச்சுப் பெரிய டீச்சர்கிட்டப் போய், இந்தப் புள்ளைக்கு நான்தான் அத்தைன்னு சொல்லிட்டேன்.

சொந்தக்காரங்க வெச்ச பரீட்சை செல்லாதுன்னுட்டாங்க. மறுபடி அடுத்த வருசந்தான். என்னை இனிமேல் பரீட்சைக்கு அனுப்பறதில்லை, வகுப்பு எடுத்தாப் போதும்னும் சொல்லிட்டாங்க. முதல்லயே சொல்லியிருந்தா வேற டீச்சர்கிட்டயே அவ தேறியிருப்பாள். அந்தக் கெட்டிக்காரத்தனம் அவகிட்ட இருக்குதுங்க. நீங்களும் நானும் சேர்ந்துதான் கெடுத்தோம்.

அந்த ஒரு வருசம் என்கூட இருக்கட்டும்மா. ஒரு வார்த்தை எழுதுங்க, நான் வந்து கூட்டிட்டு வாரேன். ஊட்டுக்குள்ள வர மாட்டேன், ஊர் எல்லையில நிக்கறேன்.

ரங்கநாயகி


கரட்டுப்பாளையம்
12.5.1995

ரங்கநாயகிக்கு,

ஊர் எல்லையில யாரும் நிக்க வேண்டாம். அன்னைக்கு எந்திரிச்சு வர வேண்டிய நேரத்துல அறைக்குள்ள உட்கார்ந்திருந்தாய். இன்னைக்கு வாயை மூடிக்கிட்டு இருக்க வேண்டிய நேரத்துல எந்திரிச்சுப் போய்ச் சொல்லியிருக்கறாய். உனக்கு எப்பவும் பரீட்சைதான் பெரிசு.

போட்டோவைக் கத்தரிச்சது நான்தான். கை இருந்ததை நான் கவனிக்கலை.

லாஸ்யா வந்ததுல இருந்து அந்த டீச்சர் யாருன்னு கேட்டுக்கிட்டே இருந்தாள். ராமுலுவை வரச்சொல்லி அவளைப் பல்லடத்துக்கு அனுப்பிச்சுப்போட்டேன். பஸ்சுல ஏறறப்ப அழுகலை. திரும்பியும் பார்க்கலை.

இனி எழுத வேண்டாம்.

வெங்கடம்மாள்


கோயமுத்தூர்
9.7.1995

அம்மாவுக்கு,

எழுத வேண்டாம்னு சொன்ன பின்னால நான் எழுதற மூணாவது காயிதம் இதுங்க. பல்லடத்துக்கு ரெண்டு தடவை போனேன். உங்க அம்மா சொல்லாம புள்ளையைக் காட்ட மாட்டோம்னு ராமுலு சம்சாரம் வாசல்லயே நிறுத்திட்டாங்க. அவங்களைக் குறை சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் திறந்து மாசமாகுது, புள்ளையைச் சேர்க்கலை. அதை மட்டும் உங்ககிட்டச் சொல்லலாம்னு எழுதினேன்.

ரங்கநாயகி


கரட்டுப்பாளையம்
3.9.1995

அம்மணி ரங்கநாயகிக்கு,

உங்கண்ணன் கல்யாணம் முடிஞ்சுது. வந்தவ நல்ல மாதிரிதான், என்னை ஏனுங்க அத்தைன்னுதான் கூப்பிடறாள். சாப்பாட்டுக்குக் குறையில்லை. ஊடு நெறைய ஆள் இருந்தும் எனக்குப் பேச ஆள் இல்லை.

உன்ர காயிதம் மூணும் கிடைச்சுது. பதில் எழுதலை. போன வாரம் பல்லடம் போனேன். அதைத்தான் எழுதறேன்.

ராமுலு சம்சாரம் என்னைப் பார்த்ததும் அழுக ஆரம்பிச்சுட்டாள். புள்ளைக்கு என்னமோ ஆயிப்போச்சுங்க, ரெண்டு மாசமா இங்கிலீஷ்லதான் பேசறாள்னு சொன்னாள். சாப்பிடறயான்னா இங்கிலீஷ், வைதாலும் இங்கிலீஷ், கோழிக்குத் தீனி வைக்கறப்பவும் அதேதான். தெலுங்கும் வரலை, தமிழும் வரலை. காத்துக் கருப்புன்னு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய் வேப்பிலை அடிச்சுப் பார்த்தாங்களாம். பூசாரி கேட்டதுக்கும் இங்கிலீஷ்ல பதில் சொன்னாளாம். அவங்க பயந்துக்கிட்டாங்க. எனக்குப் பயம் இல்லை. இது காத்தும் இல்லை கருப்பும் இல்லை, நம்மூட்டுப் புடிவாதம்.

நான் போறப்ப முட்டையை அட்டையில அடுக்கிக்கிட்டு இருந்தாள். கையெல்லாம் புண்ணு. இளைச்சுப்போட்டாள். கண்ணு, அவ்வா வந்திருக்கறேன்னு தெலுங்குல கூப்பிட்டேன். நிமிர்ந்து பார்த்தாள். கோவமாப் பார்த்திருந்தாத் தாங்கியிருப்பேன். முகத்துல ஒண்ணுமே இல்லை. மெதுவா, ரொம்ப மரியாதையா என்னமோ சொன்னாள். சொல்லிப்போட்டு அடுத்த முட்டையை எடுத்துக்கிட்டாள்.

எனக்குப் படிப்பு இல்லாட்டியும் காதுல விழுந்தது போகாது. பஸ்சுல வர்றப்பப் பூரா அதையே சொல்லிக்கிட்டு வந்தேன், பக்கத்துல இருந்தவங்க ஒரு மாதிரிப் பார்த்தாங்க. அவ சொன்னது இதுதான்: டோன்ட் கம் ஹியர் அவ்வா. ஐ ஆம் ஓகே. யூ கோ.

அர்த்தம் என்னன்னு வாத்தியாரைக் கேக்கலாம். கேட்டா ஊரெல்லாம் சொல்லுவான்.

ராமுலுகிட்டச் சொல்லிப்போட்டு வந்திருக்கறேன். ரங்கநாயகி வந்தா வாசல்ல நிறுத்த வேண்டாம், புள்ளையை அனுப்பிச்சுடுங்கன்னேன். அவளோட துணி ரெண்டு இங்கே கிடந்ததையும் அங்கேயே குடுத்துப்போட்டேன். போய்க் கூட்டிக்கிட்டுப் போ. அவகிட்டப் பேச உனக்குத்தான் பாசை இருக்குது. கோயமுத்தூர்ல எந்தப் பள்ளிக்கூடமோ சேர்த்துவிடு. என்னைப் பார்க்கக் கூட்டிக்கிட்டு வரணும்னு இல்லை.

உன்ர மேல இருக்கற கோவம் தீர்ந்துதுன்னு நினைச்சுக்காதே. அது உங்க நாயனாவை எரிச்ச அன்னைக்கு எப்படி இருந்துதோ அப்படியே இருக்குது. நான் அதை வெச்சுக்கறேன். புள்ளைக்கு அதுல பங்கு குடுத்தது போதும்.

மேலே எழுதினதுல "கோ"ன்னா "போ"ன்னு எனக்கே தெரியும். மிச்சத்துக்கு என்ன அர்த்தம்னு எழுது. எனக்கு வருத்தமா இருக்கும்னு மாத்தி எழுதாதே. நீ மாத்தி எழுத மாட்டாய்.

அம்மா